அதிக ரேஸ் ஜெயிச்சவர் ஏன் சாம்பியன் ஆகலை? ஃபார்முலா 1 புள்ளிக் கணக்கு எப்படி வேலை செய்யுது?

2005 ஜூன் 19. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் டிராக்கில் ஃபார்முலா 1 ரேஸ். டயர் பாதுகாப்புப் பிரச்சினையால் மிச்செலின் டயர் போட்டிருந்த 14 கார்கள் ரேஸ் தொடங்கும் முன்பே விலகிவிட்டன. மிச்சம் ஓடியது வெறும் 6 கார்கள். அதில் ஜோர்டான் அணிக்காக ஓட்டிய நம்ம ஊர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 4-வது இடம் பிடித்தார். கிடைத்தது 5 புள்ளிகள்.

ஃபார்முலா 1-ல் புள்ளி எடுத்த ஒரே இந்தியர் அவர்தான். ஆனால் அந்த 5 என்ற எண் நிலையானது இல்லை. அதே 4-வது இடத்தை அவர் 2002-ல் பிடித்திருந்தால் கிடைத்திருப்பது 3 புள்ளி. இன்றைக்குப் பிடித்தால் 12 புள்ளி. ஓட்டியது அதே ரேஸ், முடித்தது அதே இடம். மாறுவது கணக்குப் போடும் முறை மட்டும்தான்.

ஒரு டிரைவரின் 3 புள்ளி 12 ஆவதோடு இந்த மாற்றம் நிற்பதில்லை. சில வருடங்களில் உலக சாம்பியன் யார் என்பதையே இது மாற்றியிருக்கும். எப்படி? எளிமையாகப் பார்ப்போம்.

புள்ளி முறை என்றால் என்ன?

ஒரு சீசனில் பல ரேஸ்கள் நடக்கும். ஒவ்வொரு ரேஸிலும் முடிக்கும் இடத்துக்கு ஏற்பப் புள்ளி. கடைசியில் கூட்டிப் பார்த்து, அதிகப் புள்ளி வைத்திருப்பவர் சாம்பியன். இவ்வளவுதான்.

இது நமக்குப் புதுசு இல்லை. வாசுதேவநல்லூர், சிவகிரி, புளியங்குடி என எந்த ஊர் பள்ளி விளையாட்டு விழாவாக இருந்தாலும் 'தனிநபர் சாம்பியன்' கோப்பை இருக்கும். பெரும்பாலும் முதல் இடத்துக்கு 5, இரண்டாம் இடத்துக்கு 3, மூன்றாம் இடத்துக்கு 1 என்று புள்ளி போடுவார்கள்.

இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 3 போட்டி. முதல் மாணவர் இரண்டில் முதலிடம், மூன்றாவதில் எதுவும் இல்லை. அடுத்தவர் மூன்றிலும் இரண்டாம் இடம்.

* 5-3-1 முறை: முதல் மாணவருக்கு 10, அடுத்தவருக்கு 9. கோப்பை முதல் மாணவருக்கு.
* இதையே 5-4-3 என்று மாற்றினால்: முதல் மாணவருக்கு அதே 10, அடுத்தவருக்கு 12. கோப்பை கை மாறிவிட்டது!

யாரும் கூடுதலாக ஓடவில்லை, தாண்டவில்லை. "ஜெயிக்கிறவன் பெரியவனா, எப்போதும் சறுக்காமல் இருக்கிறவன் பெரியவனா?" என்ற கேள்விக்கு பி.டி. சார் சொல்லும் பதில்தான் அந்தப் புள்ளி முறை. ஃபார்முலா 1-லும் கதை இதேதான்.

ஃபார்முலா 1 இதுவரை எத்தனை முறை மாற்றியது?

உலக சாம்பியன்ஷிப் தொடங்கிய 1950-ல் இருந்து முக்கியமான மாற்றங்கள் இவை:

* 1950-1959: முதல் 5 இடங்களுக்கு 8-6-4-3-2. அதிவேக லேப்புக்கு 1 புள்ளி தனி.
* 1960: அதிவேக லேப் புள்ளி போய், 6-வது இடத்துக்கு 1 புள்ளி வந்தது.
* 1961-1990: 9-6-4-3-2-1.
* 1991-2002: 10-6-4-3-2-1.
* 2003-2009: முதல் 8 இடங்களுக்கு 10-8-6-5-4-3-2-1.
* 2010 முதல்: முதல் 10 இடங்களுக்கு 25-18-15-12-10-8-6-4-2-1.

இதில் கவனிக்க வேண்டியது 10, 25 என்ற எண்களை அல்ல. ஜெயித்தவருக்கும் இரண்டாவது வந்தவருக்கும் உள்ள இடைவெளியைத்தான். 10-6 முறையில் இரண்டாம் இடம் வெற்றியில் 60 சதவீதம். 10-8 முறையில் 80 சதவீதம். இன்றைய 25-18 முறையில் 72 சதவீதம். அதாவது இப்போது இருப்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம்.

ஒரு எஞ்சின் போனால் எத்தனை ரேஸ் ஆகும்?

இந்த இடைவெளி ஏன் முக்கியம்? ஒரு சின்னக் கணக்கு. நீங்களும் உங்கள் போட்டியாளரும் சம புள்ளியில் இருக்கிறீர்கள். ஒரு ரேஸில் உங்கள் எஞ்சின் புகைந்து நின்றுவிட்டது, அவர் ஜெயித்துவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு ரேஸிலும் நீங்கள் முதலிடம், அவர் இரண்டாமிடம். அவரை எட்டிப்பிடிக்க எத்தனை ரேஸ் வேண்டும்?

* 10-6 முறை: 10 புள்ளி பின்தங்கினீர்கள், ரேஸுக்கு 4 குறையும். 3 ரேஸில் முந்திவிடலாம்.
* 10-8 முறை: ரேஸுக்கு 2 மட்டுமே குறையும். 5 ரேஸ் ஜெயித்தால்தான் சமமே ஆகும்.
* 25-18 முறை: ரேஸுக்கு 7 குறையும். 4 ரேஸில் முந்தலாம்.

அதாவது இடைவெளி குறையக் குறைய, கார் நிற்காமல் ஓடுவதுதான் முக்கியம். இடைவெளி கூடக் கூட, ரிஸ்க் எடுத்து ஜெயிப்பதற்கு மதிப்பு அதிகம். டிரைவர் கடைசி லேப்பில் ஓவர்டேக் பண்ணலாமா, வேண்டாமா என்று யோசிக்கும்போது அவர் மனசுக்குள் ஓடுவது இந்தக் கணக்குதான்.

2008: ஒரே சீசன், மூன்று கணக்கு

புள்ளி முறை சாம்பியனை மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

2008 நவம்பர் 2, பிரேசிலின் இன்டர்லாகோஸ். சொந்த நாட்டில் ஃபெராரி டிரைவர் ஃபெலிப்பே மாசா ரேஸை ஜெயித்து கோட்டைத் தாண்டினார். அந்த நொடியில் அவர்தான் உலக சாம்பியன் என்று அவருடைய குடும்பமே கொண்டாடத் தொடங்கிவிட்டது. ஆனால் கடைசி லேப்பின் கடைசி வளைவுகளில், மழையில் தடுமாறிக்கொண்டிருந்த திமோ க்ளாக்கை முந்தி லூயிஸ் ஹாமில்டன் 5-வது இடத்துக்கு வந்தார். இறுதிக் கணக்கு: ஹாமில்டன் 98, மாசா 97. ஒரே ஒரு புள்ளி.

அந்த வருடம் மாசா ஜெயித்தது 6 ரேஸ். ஹாமில்டன் ஜெயித்தது 5. அப்படியிருந்தும் ஹாமில்டன் சாம்பியன்.

இருவரின் முடிவுகளிலும் பொதுவானதை எல்லாம் அடித்துவிடலாம். 5 வெற்றி இருவருக்கும் உண்டு. 2 இரண்டாம் இடம், 2 மூன்றாம் இடம், ஒரு 5-ம் இடம், ஒரு 7-ம் இடம், இவையும் இருவருக்கும் உண்டு. மிச்சம் இருப்பது இதுதான்:

* மாசாவிடம் கூடுதலாக: ஒரு வெற்றி, ஒரு 6-ம் இடம்.
* ஹாமில்டனிடம் கூடுதலாக: ஒரு 3-ம் இடம், இரண்டு 5-ம் இடங்கள், ஒரு 10-ம் இடம்.

இப்போது கேள்வி ரொம்பச் சின்னது. இந்த இரண்டு மூட்டையில் எது கனம்? அது தராசைப் பொறுத்தது.

* அப்போது இருந்த 10-8-6 முறை: மாசாவின் மூட்டை 10+3 = 13. ஹாமில்டனுடையது 6+4+4 = 14. ஹாமில்டன் ஒரு புள்ளியில் சாம்பியன்.
* 2002 வரை இருந்த 10-6-4 முறை: மாசா 10+1 = 11. ஹாமில்டன் 4+2+2 = 8. மாசா மூன்று புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன், மொத்தக் கணக்கில் 83-80.
* இன்றைய 25-18-15 முறை: மாசா 25+8 = 33. ஹாமில்டன் 15+10+10+1 = 36. ஹாமில்டன் 243, மாசா 240.

இன்னொன்று, வெற்றிகளை மட்டும் எண்ணினால் 6-5 என்று மாசாவுக்குத்தான். அதாவது நான்கு தராசு, இரண்டு சாம்பியன்கள்.

மாசாவுக்கு அந்த ஒரு புள்ளி இன்னும் ஆறாத காயம். அதே சீசனில் சிங்கப்பூர் ரேஸில் ரெனோ அணியின் நெல்சன் பிக்கே ஜூனியர் வேண்டுமென்றே காரை மோதினார் என்பது 2009-ல் வெளியே வந்தது. அந்த ரேஸில் முன்னிலையில் இருந்த மாசா, அந்த விபத்துக்குப் பிறகு நடந்த பிட் ஸ்டாப் குளறுபடியால் 13-வதாக முடித்தார். இது தொடர்பாக அவர் 2024-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்கு தொடர்ந்தார். ஒரு புள்ளியின் விலை எவ்வளவு என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

ஏன் அடிக்கடி மாற்றுகிறார்கள்?

பெரும்பாலும் ஒரே காரணம்தான். சாம்பியன்ஷிப் கடைசி வரை விறுவிறுப்பாகப் போக வேண்டும், டி.வி. முன்னால் ஆள் இருக்க வேண்டும்.

2002-ல் மைக்கேல் ஷூமேக்கர் ஜூலை மாதமே, 17 ரேஸில் 11-வதிலேயே சாம்பியன் ஆகிவிட்டார். மிச்சம் 6 ரேஸை யார் பார்ப்பது? அடுத்த வருடமே இரண்டாம் இடத்துக்கு 6-க்குப் பதில் 8 புள்ளி என்று மாறியது.

பலன் உடனே தெரிந்தது. 2003-ல் ஷூமேக்கர் 6 ரேஸ் ஜெயித்து 93 புள்ளி. கிமி ராய்க்கோனன் ஒரே ஒரு ரேஸ் ஜெயித்து, 7 முறை இரண்டாவது வந்து 91 புள்ளி. கடைசி ரேஸ் வரை போட்டி. பழைய முறையில் போட்டிருந்தால் 77-67 என்று ஷூமேக்கர் நிம்மதியாகவே ஜெயித்திருப்பார். விறுவிறுப்பு வந்தது உண்மை. ஆனால் "6 ஜெயித்தவரும் 1 ஜெயித்தவரும் ஏறக்குறைய சமமா?" என்ற கேள்வியும் கூடவே வந்தது.

2009 சீசன் தொடங்கும் முன், அதிக ரேஸ் ஜெயித்தவரே சாம்பியன் என்று விதியை மாற்றப்போவதாக எஃப்.ஐ.ஏ. அறிவித்தது. அணிகள் எதிர்ப்புத் தெரிவித்ததால் அந்த யோசனை கைவிடப்பட்டது. 2010-ல் புது அணிகள் வந்து கார்களின் எண்ணிக்கை 24 ஆனபோது, 10 இடம் வரை புள்ளி தரும் இன்றைய முறை வந்தது.

2014-ல் இன்னொரு சோதனை: கடைசி ரேஸுக்கு மட்டும் இரட்டைப் புள்ளி. கடைசிப் பரீட்சைக்கு மட்டும் 200 மார்க் என்று சொல்வது மாதிரி. ரசிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், ஒரே வருடத்தில் தூக்கிவிட்டார்கள்.

சில ரேஸ் கணக்கிலேயே வராதா?

ஆமாம், ஒரு காலத்தில் அப்படித்தான். 1990 வரை ஒரு டிரைவரின் எல்லா முடிவுகளையும் கூட்ட மாட்டார்கள். அந்தக் காலத்து கார்கள் அடிக்கடி பழுதாகும் என்பதால், சிறந்த முடிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிடுவார்கள்.

1988-ல் 16 ரேஸில் சிறந்த 11 மட்டும்தான் கணக்கு. மெக்லாரன் அணியின் அலைன் ப்ரோஸ்ட் 7 வெற்றி, 7 இரண்டாம் இடம் என மொத்தம் 105 புள்ளி சேர்த்தார். அதே அணியின் ஐர்டன் சென்னா 8 வெற்றியோடு மொத்தம் 94. ஆனால் சிறந்த 11-ஐ மட்டும் எடுத்தபோது சென்னா 90, ப்ரோஸ்ட் 87. சென்னாவுக்கு முதல் உலகப் பட்டம். சீசன் முழுக்க 11 புள்ளி அதிகம் சேர்த்தவர் தோற்றுப்போனார்.

அநியாயமா? விதி எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். சென்னா அந்த விதிக்கு ஏற்ப ஜெயிப்பதில் குறியாக இருந்தார். 1991 முதல் எல்லா ரேஸும் கணக்கில் வந்தன.

பாதிப் புள்ளி: மழை பெய்தால் கணக்கே மாறும்

ப்ரோஸ்டுக்கு அதற்கு முன்பே ஒரு அடி விழுந்திருந்தது. 1984 மொனாக்கோ ரேஸ். கொட்டும் மழை. பாதியிலேயே ரேஸை நிறுத்தினார்கள். முன்னிலையில் இருந்த ப்ரோஸ்ட் வெற்றியாளர். ஆனால் ரேஸ் முழுதாக ஓடாததால் பாதிப் புள்ளி, அதாவது 9-க்குப் பதில் 4.5.

சீசன் முடிவில் நிக்கி லாடா 72, ப்ரோஸ்ட் 71.5. அரைப் புள்ளியில் பட்டம் போனது. ஃபார்முலா 1 வரலாற்றிலேயே மிகக் குறைந்த வித்தியாசம் இதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரேஸ் முழுதாக ஓடி ப்ரோஸ்ட் இரண்டாவதாக வந்திருந்தாலும் 6 புள்ளி கிடைத்திருக்கும். மொத்தம் 73, பட்டமும் அவருக்கே. ஜெயித்ததால் தோற்றார் என்றே சொல்லலாம்!

2021-ல் பெல்ஜியத்திலும் மழையால் பாதிப் புள்ளி கொடுத்தார்கள். அந்த சீசனில் வெர்ஸ்டாப்பனும் ஹாமில்டனும் கடைசி ரேஸுக்குப் போனபோது இருவரிடமும் சரியாக 369.5 புள்ளி. அந்த அரைப் புள்ளி வந்தது அங்கிருந்துதான்.

பைக் ரேஸில் எப்படி?

மோட்டோ ஜிபி பைக் ரேஸில் இடைவெளி இன்னும் குறைவு: 25-20-16. இரண்டாம் இடத்துக்கு வெற்றியில் 80 சதவீதம். சனிக்கிழமை ஸ்பிரிண்ட் ரேஸுக்குத் தனிப் புள்ளிகள் உண்டு, ஜெயித்தால் 12.

2024-ல் ஃபிரான்செஸ்கோ பன்யாயா 20 ஞாயிற்றுக்கிழமை ரேஸ்களில் 11-ஐ ஜெயித்தார். ஹோர்ஹே மார்ட்டின் ஜெயித்தது 3. ஆனால் சாம்பியன் மார்ட்டின், 508-498. பன்யாயா பல முறை கீழே விழுந்து புள்ளி இல்லாமல் போனார், மார்ட்டின் வாரா வாரம் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

நீண்ட தூர கார் ரேஸில் இன்னொரு முறை. உலக எண்டூரன்ஸ் சாம்பியன்ஷிப்பில் 6 மணி நேர ரேஸை ஜெயித்தால் 25 புள்ளி, லே மான் 24 மணி நேர ரேஸை ஜெயித்தால் 50. கஷ்டம் அதிகம், புள்ளியும் அதிகம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித்குமார் ரேஸிங் அணி 992 பிரிவில் 3-ம் இடம் பிடித்தது நினைவிருக்கும். அது வேறு தொடர் என்றாலும், ஒட்டுமொத்த வரிசையோடு ஒவ்வொரு வகை காருக்கும் தனி வரிசை இருப்பது எண்டூரன்ஸ் ரேஸ்களின் பொது வழக்கம்.

கடைசி சில புள்ளிக்கு ஏன் இவ்வளவு சண்டை?

புள்ளி என்பது பெருமை மட்டும் இல்லை, பணமும்கூட. டிரைவர்களின் புள்ளியைக் கூட்டித்தான் அணிகளின் பட்டியல் தயாராகும். பரிசுப் பணத்தில் அணிக்கு வரும் பங்கு அந்த இடத்தைப் பொறுத்தது.

நரேனின் ஜோர்டான் அணியையே பாருங்கள். 2005 முழுக்க அந்த அணி எடுத்தது 12 புள்ளி. அதில் 11, இண்டியானாபொலிஸ் என்ற ஒரே ரேஸில் வந்தது: மூன்றாவதாக வந்த டியாகோ மொன்டெய்ரோவின் 6, நரேனின் 5. கடைசி இடத்தில் இருந்த மினார்டி அணிக்கு 7 புள்ளி. அதுவும் அதே ரேஸில் வந்ததுதான். 6 இடம் வரை மட்டும் புள்ளி கொடுத்த பழைய காலத்தில் சின்ன அணிகள் வருடக்கணக்காக பூஜ்ஜியத்திலேயே கிடந்ததற்கும், இன்று 10-வது இடத்துக்கு முட்டி மோதுவதற்கும் காரணம் இதுதான்.

அப்போ, மாசாவுக்குத்தான் பட்டம் போயிருக்கணுமா?

அவசரப்பட வேண்டாம். பழைய சீசனுக்குப் புது முறையைப் போட்டுப் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விதி வேறாக இருந்திருந்தால் டிரைவர்களும் வேறு மாதிரி ஓட்டியிருப்பார்கள். 2008-ன் கடைசி ரேஸில் ஹாமில்டனுக்கு 5-வது இடம் போதும் என்று தெரியும், அதனால் பாதுகாப்பாக ஓட்டினார். 10-6-4 முறை இருந்திருந்தால் அவர் இன்னும் ரிஸ்க் எடுத்திருப்பார். ஜெயித்திருக்கலாம், சுவரில் மோதியும் இருக்கலாம்.

எல்லா வருடமும் முறை மாறினால் சாம்பியன் மாறுவார் என்பதும் இல்லை. 2010-ல் செபாஸ்டியன் வெட்டல் 256, ஃபெர்னாண்டோ அலோன்சோ 252. 10-8-6 முறையில் போட்டால் 104-101. 10-6-4 முறையில் 84-81. எப்படிப் போட்டாலும் வெட்டல்தான். நெருக்கமான சீசன்களில், அதிலும் ஒருவர் நிறைய ஜெயித்து மற்றவர் சறுக்காமல் ஓடிய சீசன்களில் மட்டுமே தராசு சாயும்.

2025 அப்படி ஒரு வருடம். லாண்டோ நோரிஸ் 423 புள்ளி, 7 வெற்றி. மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 421 புள்ளி, 8 வெற்றி. பட்டம் நோரிஸுக்கு. வெற்றி எண்ணிக்கைதான் விதி என்றிருந்தால் கோப்பை வேறு கைக்குப் போயிருக்கும்.

அடுத்த முறை ரேஸ் பார்க்கும்போது இந்த மூன்றைக் கவனியுங்கள்

1. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் எத்தனை புள்ளி வித்தியாசம்? அது பெரிதாக இருந்தால் ஜெயிப்பவருக்கு லாபம், சின்னதாக இருந்தால் சறுக்காதவருக்கு லாபம்.
2. எத்தனை இடம் வரை புள்ளி? எல்லை நீள நீள, சுமாரான நாளிலும் ஏதாவது கையில் தேறும்.
3. ஸ்பிரிண்ட், பாதிப் புள்ளி, இரட்டைப் புள்ளி மாதிரி சிறப்பு விதி உண்டா? பட்டம் கைமாறுவது பல நேரம் அங்கேதான்.

இந்த மூன்றும் தெரிந்தால், கடைசி லேப்பில் ஒரு டிரைவர் ஏன் முந்தாமல் அடங்கி ஓட்டுகிறார், இன்னொருவர் ஏன் உயிரைக் கொடுத்து 10-வது இடத்துக்குப் போராடுகிறார் என்பது உங்களுக்கே புரியும். அப்படியே அடுத்த விளையாட்டு விழாவுக்கு முன்னால், உங்கள் பள்ளியில் 5-3-1-ஆ, 5-4-3-ஆ என்று பி.டி. சாரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோப்பை அதிலும் இருக்கலாம்.